மூக்கு முந்துனவனுக்கு வழி

ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா எங்க அண்ணன் டிவி முன்னால குந்திக்குவான். எந்த நாட்டுலயோ கார் ரேஸ் ஓடிகினு இருக்கும். கார அவன் ஓட்டல, ஆனா அவன் வலது காலு ஓட்டும். கீழ விரிச்ச பாய அழுத்தும், தளர்த்தும், திரும்ப அழுத்தும். என் வூட்டுக்காரரு ஒரு தபா, "பாய் கிழிஞ்சா நீங்கதான் புதுசு வாங்கணும் மச்சான்"னு கிண்டல் பண்ணாரு. எல்லாரும் சிரிச்சாங்க, அண்ணனும் சிரிச்சான். எங்க நைனா மட்டும் சிரிக்கல. கட்டில்ல சாஞ்சுகினு டிவிய வுட்டுட்டு அந்தக் காலையே பாத்துகினு இருந்தாரு.

எங்க அண்ணன் சம்பளம் வாங்கி கார் ரேஸ் ஓட்டுனவன்னு நான் சொன்னா எண்ணூர்ல பாதிப் பேரு நம்ப மாட்டாங்க. பீலா வுடாத, மீன்காரி வூட்டுல ரேஸ்காரனான்னு கேப்பாங்க. ஏன், மீன்காரி வூட்டுல பொறந்தவனுக்குக் காலு கெடையாதா? ரேஸு எங்களுக்கு எவனோ வந்து கத்துக் குடுத்ததா? விடியகாலையில முகத்துவாரக்குப்பத்துக் கரையில வந்து நின்னு பாத்தா தெரியும். கடல்லருந்து திரும்பற ஃபைபர் போட்டுங்க ஒண்ண ஒண்ணு தொரத்திகினு வரும். மொதல்ல வர்றவன் மீனுக்குத்தான் ஏலத்துல மரியாத. பின்னால வர்றவன் மீனு எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் யாவாரிங்க மூஞ்ச திருப்பிக்குவாங்க.

ஆனா அவ்ளோ வேகமும் முகத்துவாரம் வரிக்கும்தான். ஆறு கடல்ல சேர்ற அந்த வாயி குறுகல். அடியில மணல் மேடு, மேல அலை ஒடையும். ஒரு அலைக்கு ஒரு போட்டுதான் உள்ள வர முடியும். ரெண்டு போட்டு ஜோடியா நொழைஞ்சா ரெண்டும் கவுந்துடும். அதுக்காக எங்க குப்பத்துல ஒரு கட்டு வெச்சிருந்தாங்க. எந்தப் போட்டோட மூக்கு முந்தி கீதோ அதுக்குத்தான் வழி. மத்தவன் எப்பேர்ப்பட்ட கில்லாடியா இருந்தாலும், ரெண்டு வூட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாம இருந்தாலும், என்ஜின் பிடிய தளர்த்திட்டு அடுத்த அலைக்குக் காத்துகினு நிக்கணும். அத மீறுனவன் போட்டுல அப்பால எவனும் ஏற மாட்டான்.

சின்ன வயசுல நான் கூடைய இடுப்புல வெச்சுகினு கரையில நிப்பேன். நைனா பின்னால பிடிய புடிச்சுகினு வருவாரு, அண்ணன் முன்னால வலை மேல குந்திகினு இருப்பான். மீசை மொளைச்ச அப்பால அண்ணன் பின்னால போனான், நைனா முன்னால வந்தாரு. யாரு ஓட்டுனாலும் தளர்த்துற அந்த நேரம் போட்டோட மூக்கு லேசா குனியும். பாக்கறதுக்கு, போற வழியில பெரியவங்களுக்கு ஒரு கும்புடு போட்ட மாதிரி இருக்கும். நான் கரையிலருந்தே, இன்னிக்கி நம்ம போட்டு வுட்டுக் குடுத்துடுச்சுன்னு அம்மாவாண்ட சொல்லுவேன். அம்மா திட்டிகினே கூடைய எடுக்கும்.

அண்ணன் கடலுக்குப் போன நேரம் போக திருவொத்தியூர்ல ஒரு மெக்கானிக் ஷெட்டுல வேல செஞ்சான். அங்கருந்து ஒரு ரேஸ் டீமுக்கு கார் கழட்டி மாட்டற ஆளா இட்டுகினு போனாங்க. ஸ்ரீபெரும்புதூராண்ட கீற டிராக்குல ஒரு நாளு, பிரேக் சரியா கீதான்னு பாக்க ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாடான்னாங்களாம். இவன் ஓட்டிட்டு வந்து எறங்கசொல்ல எல்லாரும் அவன் மூஞ்சையும் கடியாரத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாங்களாம். அடுத்த வருசமே ரேஸ்ல எறக்கிட்டாங்க.

அன்னிலருந்து எங்க வூட்டுல பேஜாருதான். ரேஸ்காரன்னா வேகமா ஓட்டறவன்னு நெனைச்சுகினு இருந்தேன். இல்லவே இல்ல. ரேஸ்காரன்னா எந்நேரமும் வேற எங்கயோ இருக்கறவன். சோறு தின்னசொல்ல கண்ண மூடிகினு கைய திருப்புவான். டிராக்குல கீற ஒவ்வொரு வளைவையும் மனசுக்குள்ள ஓட்டிகினு இருப்பான். நடுவுல நான் கொழம்பு வேணுமான்னு கேட்டுட்டா கோவம் வந்து, மொதல்லருந்து ஆரம்பிப்பான். கழுத்து வலுவாவணும்னு ஹெல்மெட்டுக்குள்ள ஈரத்துணிய சுருட்டித் திணிச்சு மாட்டிகினு குப்பத்துத் தெருவுல நடப்பான். நாயிங்க கூட வழிய வுட்டு ஒதுங்கும். சொந்தக்காரங்க கல்யாணம் எதுக்கும் வர மாட்டான், ஏன்னா கல்யாணமும் ஞாயித்துக்கிழமை, ரேஸும் ஞாயித்துக்கிழமை.

பயமா இல்லியாண்ணேன்னு ஒரு தபா கேட்டேன். அடிபடற பயம்லாம் கெடையாதாம். அடுத்த வருசம் கூப்புட மாட்டாங்களோன்னு ஒரே பயம்தான்னான். ரேஸ் நாள்ல கூட ஓட்டறவங்களோட ஒக்காந்து நாஸ்டா கூட துன்ன மாட்டான். கூட ஓட்டறவன் புள்ளைங்க பேரு தெரிஞ்சுட்டா அப்பால அவன எப்புடி முந்தறதுன்னுவான். அதவிடப் பெரிய கூத்து, 'ரெண்டாவது'ன்ற வார்த்தையே அவன் வாயில வராது. ரெண்டாவது வந்தா, "மொதல்ல வர்ல"ன்னு மட்டும்தான் சொல்லுவான். அதுக்குக் குடுத்த கப்ப வூட்டுக்குள்ளயே கொண்டாற மாட்டான். மொட்ட மாடியில போட்டுடுவான். அதுங்கள்ல அம்மா மொளகா நாத்து வுட்டுச்சு. நல்லாத்தான் காய்ச்சுது. மெய்யாலுமே அந்த நாளுங்கள நெனைச்சா இப்பவும் எனக்கு மொளகா வாசனைதான் வருது.

அப்போ டீம்ல மறு வருசத்துக்கு ஒரே ஒரு எடம் வெச்சிருந்தாங்க. மாசாமாசம் சம்பளம் குடுத்து, ஊர் ஊரா இட்டுகினு போய் ஓட்ட வெக்கற எடம். எங்க அண்ணனுக்கும் ஒரு கோயம்புத்தூர்காரருக்கும்தான் போட்டி. கடசி ரேஸ் முடிஞ்சு சொல்றோம்னுட்டாங்க. அந்த எடம் கெடைச்சா அவன் ரேஸ்காரன், இல்லன்னா திரும்ப ஷெட்டுல ஸ்பேனர் புடிக்கணும். ஆனா டீம் மேனேஜருக்கு இவன் மேல ஒரு கொற இருந்துது. அவரு சொன்னத அண்ணன் வூட்டுக்கு வந்து வார்த்த மாறாம சொன்னான்: "தனியா ஓட்டுனா உன்ன அடிச்சுக்க ஆளே இல்ல. பக்கத்துல ஒருத்தன் வந்தா மட்டும் கால எடுத்துடறே."

அப்புடிலாம் ஒண்ணும் இல்லன்னு அண்ணன் குதிச்சான். நான் அடுத்த ரேஸுக்குப் போய் கேலரியில குந்திகினு பாத்தேன். ரெண்டு காரு ஒட்டிகினு வளைவுக்கு வந்துது. கோயம்புத்தூர்காரரு கார் ஒரு முழம் முந்தி இருந்துது. அப்போ எங்க அண்ணன் காரு மூக்கு லேசா குனிஞ்சுது. ஐயோ, இது முகத்துவாரமாச்சே. மேனேஜருக்குப் புரியல, அண்ணனுக்கே புரியல, கூடை வெச்சுகினு நின்ன எனக்குப் புரிஞ்சுடுச்சு. அவன் பயந்து கால எடுக்கல. பத்து வயசுலருந்து கடல்ல பழகுன ஒடம்பு, மூக்கு முந்துனவனுக்கு வழி வுட்டுடுச்சு.

வரசொல்ல பஸ்ஸுல சொன்னேன். மறுநாள் காலையில ஒரு மீன் கிரேட்ட கவுத்துப் போட்டு அது மேல குந்திகினான். கால ஒரு செங்கல்லு மேல வெச்சுகினு, இன்னொரு கிரேட்ட பக்கத்துல தள்ளிகினு வாம்மேன்னான். நான் தள்ளிகினு வருவேன். அவன் கிரேட்ட ஒரசிகினு முந்துவேன். அவன் கால எடுக்கக் கூடாது. மொதல்லலாம் அவன் காலு தானா எழும்பும். சீ, எடுத்துட்டேன்னு தொடையில அறைஞ்சுப்பான். தெனம் அதே கூத்துதான். தரையில கிரேட்டு ஒரசுற சத்தத்துக்கு பக்கத்து வூட்டு அக்கா, இன்னாடி, வூட்டுக்குள்ள ஹார்பர் கட்டறீங்களான்னு கேட்டுச்சு. கொஞ்ச நாள்ல அவன் காலு செங்கல்லோட ஒட்டிகிச்சு. நான் எவ்ளோ வேகமா தள்ளிகினு வந்தாலும் அசையல. எனக்கு ஒரே பெரும. நைனா வாசல்ல குந்தி வலை பிரிச்சுகினு எல்லாத்தையும் பாத்துகினுதான் இருந்தாரு.

கடசி ரேஸுக்கு நைனாவும் வந்தாரு. அதுக்கு முன்னால டிராக்கு பக்கமே வந்தது கெடையாது. வெள்ள சட்ட போட்டுகினு, கேலரியில செருப்ப கழட்டி வெச்சுட்டு என் பக்கத்துல குந்துனாரு. கடசி ரவுண்டுல கோயம்புத்தூர்காரரும் அண்ணனும் ஜோடியா வந்தாங்க. வளைவு வந்துச்சு. நான் எழுந்து நின்னுட்டேன். அண்ணன் காரு மூக்கு குனியவே இல்ல. பக்கத்து காரு புல்லுக்கு ஒதுங்கி, சுத்தி, புழுதியோட நின்னுச்சு. யாருக்கும் அடி இல்ல. எங்க அண்ணன் மொதல்ல வந்தான். தொண்ட கட்டற அளவுக்குக் கத்துனேன். எடமும் அவனுக்கே கெடைச்சுது. தப்பு ஒண்ணும் இல்லன்னு அதிகாரிங்களும் சொல்லிட்டாங்க. அந்த கோயம்புத்தூர்காரரு பெரிய மனுசன், நேரா வந்து கை குடுத்து, நானா இருந்தாலும் கால எடுத்திருக்க மாட்டேன்னு சொன்னாரு.

அண்ணன் ஹெல்மெட்ட கையில புடிச்சுகினு நைனாவாண்ட ஓடி வந்தான். மூஞ்செல்லாம் வேர்வ, சிரிப்பு. நைனா அவன் தோள தட்டுனாரு. அப்பால மெதுவா சொன்னாரு.

"அவன் மூக்கு முந்தி இருந்துது."

அவ்ளோதான். திட்டல, முறைக்கல. பஸ்ஸுல அண்ணனுக்கு ஜன்னல் சீட்ட வுட்டுக் குடுத்துட்டு வந்தாரு.

அந்த வாரம் அண்ணன் கடலுக்குப் போனான். திரும்பி வரசொல்ல முகத்துவாரத்தாண்ட நைனா எழுந்து பின்னால வந்து, நவுரு, நான் பாத்துக்கறேன்னு பிடிய வாங்கிகினாரு. அண்ணன் முன்னால போய் வலை மேல குந்தினான். கரையிலருந்து பாத்த எனக்கு, அவன் திரும்ப சின்னப் பையனா ஆயிட்டாப்புல இருந்துது. அன்னிலருந்து அதேதான். ஆழத்துல எவ்ளோ தூரம் வேணாலும் ஓட்டிக்கலாம், முகத்துவாரத்துல மட்டும் பிடிய குடுக்க மாட்டாரு. அண்ணன் கேக்கவும் இல்ல, அவரு சொல்லவும் இல்ல. எனக்கு ரெண்டு பேரு மேலயும் கோவம் கோவமா வரும். அவன் தெனம் செங்கல்ல மிதிச்சு எதத் தொலைச்சான்னு எனக்குத் தெரியும். கிரேட்ட தள்ளுன கை என் கைதானே.

அவன் நல்லாத்தான் ஓட்டுனான். அந்த வருசங்க எங்க வூட்டுக்கே ஷோக்கான வருசங்க. ஊர் ஊரா போயி வந்து அம்மாவுக்கு பொடவ எடுத்தாருவான். மாடியில மொளகாச் செடிக்குப் புது கப்பு கெடைக்கவே இல்ல, அவ்ளோ தபா மொதல்ல வந்தான். அப்பால வயசாச்சு. ரேஸ்ல வயசுன்னா மண்ட நரைக்கத் தேவையில்ல, வேகமா இன்னொருத்தன் வந்தா போதும். ஒரு வருசம் கூப்புடல. அவன் ஹெல்மெட்ட பீரோ மேல ஏத்திட்டு, திருவொத்தியூர்ல சொந்தமா ஒரு ஷெட்டு போட்டான். ஷெட்டு இல்லாத நேரம் நைனாவோட கடலுக்குப் போறான். நைனாவுக்கு தோள்பட்ட வலி, கைய மேல தூக்க முடியல. ஆனாலும் முகத்துவாரம் வந்தா எழுந்து பின்னால வந்துடுவாரு.

போன மழைக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை. அண்ணன் டிவியில ரேஸ் பாத்துகினு இருந்தான். காலு பாய அழுத்திகினே இருந்துது. திடீர்னு ரெண்டு காரு ஜோடியா வளைவுக்கு வந்துது. முந்தி இருந்த காருக்குப் பின்னாலயே அண்ணனோட பார்வ போச்சு. அவன் காலு பாயிலருந்து மெல்ல எழும்புச்சு. அது அவனுக்கே தெரியாது, அவன் கண்ணு டிவியிலதான் இருந்துது. நான் டக்குனு நைனாவ பாத்தேன். நைனா அந்தக் காலையேதான் பாத்துகினு இருந்தாரு.

மறுநாள் விடியகாலையில கூடையோட கரையில நின்னேன். போட்டுங்க ஒண்ணொண்ணா வந்துகினு இருந்துது. தூரத்துல எங்க போட்டு, பக்கத்துலயே கத்திவாக்கத்து போட்டு ஒண்ணு, ரெண்டும் அடிச்சுகினு வந்துது. கத்திவாக்கத்து போட்டு மூக்கு கொஞ்சம் முந்தி இருந்துது. முகத்துவாரத்தாண்ட எங்க போட்டு மூக்கு குனிஞ்சுது. அந்த போட்டு அலையில ஏறி உள்ள போச்சு. எங்க போட்டு அடுத்த அலைக்குக் காத்துகினு நின்னுது. நைனா தோளு இன்னிக்கும் ஒழைச்சுடுச்சுன்னு நெனைச்சேன். போட்டு கிட்ட வந்தப்பறம்தான் பாத்தேன். பிடிய புடிச்சுகினு பின்னால நின்னது அண்ணன். நைனா முன்னால வலை மேல கரைய பாத்து குந்திகினு இருந்தாரு. அவரு திரும்பியே பாக்கல.

போட்டு மணல்ல ஏறுச்சு. அண்ணன் எறங்கி வந்தான். ஏலம் அந்தப் பக்கம் ஆரம்பிச்சு, யாவாரிங்க எல்லாம் கத்திவாக்கத்துக்காரன சுத்தி நின்னுட்டாங்க.

"இன்னாண்ணே, லேட்டு?"ன்னேன்.

"ரெண்டாவதா வந்தோம்மே"ன்னான்.

எனக்கு அழுவ முட்டிகினு வந்துடுச்சு. வாய பொளந்துகினு நிக்காத, மீன கொட்டுன்னு அவன் மேல கத்துனேன்.