வெளித்துறையில் இரண்டு கப்பல்

காலை ஐந்து ஐம்பது. ராயபுரம் கடற்கரை மணலில் நின்று, துறைமுகச் சுவருக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த இரண்டு கப்பல்களின் விளக்குகளைப் பார்த்தேன். குறிப்புப் புத்தகத்தில் ‘இரண்டு’ என்று எழுதிக்கொண்டு, டிராம் ஏறிப் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். அன்று வந்திருந்தது ஒரே கப்பல்.

மறுநாள் எங்கள் பத்திரிகையில் ‘திருத்தம்’ என்ற தலைப்பில் நான்கு வரி வந்தது. அதை எழுதியவன் நான். அதற்குப் புரூப் பார்த்தவனும் நான். காலையில் துறைமுகச் செய்தி, பிற்பகலில் அச்சுப் பிழை திருத்துவது என்று பதினெட்டு வருஷம் அதே ஆபீசில் இருந்தேன். என் செய்திக்குத் திருத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

கண் அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கும், அவர்கள் கட்டிலருகே உட்காரப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தைரியம் சொல்லத் தெரியாது. நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியும்.

அந்த வாரமே வேறு அடையாளங்களும் தெரிந்தன. ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் தெருவிளக்கு இரண்டாகவே நின்றது. புரூப் தாளில் ணகரமா னகரமா என்று தெரிந்துகொள்ள, சுழிகளை விரல் நகத்தால் எண்ணவேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சிறு விளக்கைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை (கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த வில்லை பால்போல் மங்கிப் போவது). வலது முற்றிவிட்டது, இடதுக்கு நாளாகும் என்றார்.

“என் வேலை கால் மணி நேரம்தான். மிச்சம் பத்து நாளும் உங்க வேலை. இரண்டு கண்ணும் கட்டியிருக்கும். மல்லாந்தே படுத்திருக்கணும். இருமக்கூடாது, எழுந்து உட்காரக்கூடாது, கட்டைத் தொடவே கூடாது.”

சரி என்றேன்.

நான் ஜெபம் செய்யும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் சபையில் காரியதரிசியாக இருந்தவன். ஞாயிறு தவறியதில்லை. ஆனால் செய்தி எழுதுகிற பழக்கத்தில் ஜெபத்தையும் விவரமாகச் செய்வேன். கொக்கேன் கரைசல் (கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து) விடுவதற்கு முன், எந்தக் கண், எந்தக் கிழமை, எத்தனையாவது கட்டில் என்று எல்லாம் சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மனைவி எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆண்டவருக்கு வெலாசம் தெரியாதா? கட்டில் நம்பர் வரைக்கும் சொல்லிக்கினு கீறீங்க.”

அறுவை நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். எஸ்தர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள், மூச்சு கேட்டது. காலையில் செய்த ஜெபம் கேட்கப்பட்டதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. கட்டின் கீழோரத்தில் ஒரு விரலை நுழைத்துத் தூக்கினேன். வெளிச்சம் இருந்தது. ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. எண்ணினேன். ஐந்து. உடனே ஊசி ஏறியதுபோல் வலித்தது.

வலக்கண் கடைசியாகப் பார்த்தது அந்த ஐந்து கம்பிகளை.

காயம் மூடுவதற்குள் திறந்ததால், கருமணியைச் சுற்றியுள்ள நிறத்திரை வெட்டு வாய்வழியே பிதுங்கிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு சீழ் வைத்தது. வீட்டுக்கு வந்து ஜட்கா வண்டியிலிருந்து இறங்கியதும் எஸ்தர் கேட்டாள்.

“ஜெபமும் பண்ணிட்டு, அதுக்கு ப்ரூப்பும் பாக்கணுமா உங்களுக்கு?”



அதற்கப்புறம் பத்து மாதம். இடக்கண்ணிலும் பால் ஏறிக்கொண்டே வந்தது. துறைமுகச் செய்தியை வேறொருவர் எழுதினார். புரூப் வேலையும் போயிற்று. வீட்டில் சும்மா இருந்த கை எதையாவது தடவிச் சோதித்துக்கொண்டே இருந்தது. கதவுத் தாழ்ப்பாளை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பேன். ஜெபத்தில் ஒரு வார்த்தை சிதறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சில நாள் காலை ஜெபம் முடிவதற்குள் மில் சங்கு இரண்டாம் தரம் ஊதிவிடும். இதைப் பக்தி என்று சபையில் சிலர் நினைத்தார்கள். நான் பயந்துகொண்டிருந்தேன். ஆண்டவர் செய்வார் என்று வாயால் சொல்லி, செய்கிறாரா என்று விரலால் தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் கண்ணும் போனால் மூன்றாவது கண் இல்லை.

இடது முற்றியதும் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். என் கைகளைக் கட்டிலோடு கட்டிப்போடுங்கள் என்று கேட்டேன். கட்டினால் இழுப்பீர்கள், இழுத்தால் தலை அசையும் என்று மறுத்துவிட்டார். எஸ்தர் பழைய புடவையின் கரையைக் கிழித்து, ஒரு முனையை என் வலது மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். கை எழும்பினால் அவளுக்குத் தெரியும்.

அடுத்த கட்டிலில் காசிமேட்டு மீன்பிடிக்காரர் மாணிக்கம் படுத்திருந்தார். அவருக்கும் அதே அறுவை, அதே கட்டு. அப்போது அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும். நான் அடிக்கடி மணி கேட்டு அவரைத் தொந்தரவு செய்தேன்.

“எத்தினி வாட்டி கேப்ப நைனா? நீ கேட்டுகினே இருந்தா சங்கு முன்னாடி ஊதிடுமா?” என்றார்.

ஐந்தாம் நாள், பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிச் சற்று நேரம் ஆகியிருந்தது. கட்டுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ ஊறி, கன்னத்தில் இறங்கி, காதுக்குள் போயிற்று. ரத்தமா நீரா தெரியவில்லை. மணிக்கட்டை அசைத்தேன். துணி தளர்ந்து என்னோடு வந்தது. மறுமுனையில் யாரும் இல்லை. எஸ்தரைக் கூப்பிட்டேன், நர்சைக் கூப்பிட்டேன். பதில் வந்தது பக்கத்துக் கட்டிலிலிருந்து.

“இன்னா நைனா, பேஜாரா?”

கண்ணிலிருந்து ஏதோ வழிகிறது, ரத்தமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

“நல்லா கேட்ட போ. எனுக்கும்தான் கட்டிக்கீது. நான் இன்னாத்த பாத்து சொல்றது?” என்று சத்தத்தை அடக்கிக்கொண்டு சிரித்தார். சிரித்தால் கண் அதிருமே என்று அவருக்கும் பயம். “யாராச்சும் வருவாங்க. கம்முனு கெட.”

என் கை அதற்குள் கன்னத்துக்கு வந்திருந்தது. விரல்கள் கட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. வழக்கமான ஜெபத்தைத் தொடங்கினேன். எந்தக் கண் என்பதற்குமேல் ஓடவில்லை. விவரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆண்டவரே, இது என்னவென்று எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். கையை இறக்கி, என் இடுப்புக்கு அடியில் வைத்து, அதன்மேல் பாரத்தைப் போட்டுப் படுத்தேன்.

உடனே சமாதானம் வந்தது என்று எழுதினால் பொய். கை மரத்துப்போயிற்று. காதுக்குள் இறங்கியது ஆறிக் குளிர்ந்தது. நூறு தரமாவது கையை எடுக்க நினைத்தேன். இன்னொரு மூச்சு வரை பார்க்கலாம் என்று ஒவ்வொரு தரமும் தள்ளிப்போட்டேன். விசுவாசம் என்று நான் சபையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று அது ஒரு மூச்சு நீளம்தான் இருந்தது. அடுத்த மூச்சுக்கு மறுபடி முதலிலிருந்து தேவைப்பட்டது.

எஸ்தர் கஞ்சியோடு வந்தாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று துணியின் தன் முனையை அவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்தாளாம். டாக்டர் வந்து கட்டின் மேல் துணியை மட்டும் எடுத்துப் பார்த்து, வெறும் கண்ணீர், அறுத்த கண் அழத்தான் செய்யும் என்றார். அவர் போனபின் துணியை மறுபடி கட்டச் சொல்லி மணிக்கட்டை நீட்டினேன்.

“அவுந்து கெடக்குதுன்னு தெரிஞ்சும் தொடலியா?”

தொடவில்லை என்றேன்.

“அப்போ இது இன்னாத்துக்கு?” என்றாள். துணியை என் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டாள். மிச்ச ஐந்து நாளும் கட்டவில்லை. எனக்குத் துணி இருந்தால் தேவலை என்றே இருந்தது.

பத்தாம் நாள் கட்டை எடுத்தார்கள். முதலில் வெள்ளை, பிறகு எஸ்தரின் தோளும் முகமும் கரைந்த மைபோல. ஆறு வாரம் கழித்துத் தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். அதில் எல்லாம் பெரிதாக, மிக அருகில் தெரியும். குவளையில் ஊற்றும் தண்ணீர் மேஜையில் விழும். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் உண்டு, அதற்குள் போகிற ஆளும் மாடும் காணாமற்போய், வேறிடத்தில் திடீரென்று நிற்கும். இதற்குப் பயப்பட வேண்டாம். தலையை மெதுவாகத் திருப்பப் பழகினால் போதும். படியில் இறங்கும்போது எஸ்தரின் தோளைப் பிடித்துக்கொள்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது குறைந்துவிட்டது. சங்கு ஊதும்போது மணி தெரிகிறது. நடுவில் இருக்கும் நேரத்துக்குப் பெயர் வைப்பதில்லை. தாழ்ப்பாளை இப்போதும் இரண்டு தரம் தொடுகிறேன். ஜெபம் சுருங்கிவிட்டது. சொல் சிதறினால் சிதறட்டும் என்று மேலே போகிறேன், எல்லா நாளும் முடிவதில்லை. ஆபீசில் புரூப் வேலை வேறொருவருடையது. துறைமுகச் செய்தியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்று காலை ஐந்து ஐம்பதுக்குக் கடற்கரைக்குப் போனேன். வெளித்துறையில் ஒரு கப்பல் நின்றது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுதான். மாணிக்கம் மணலில் வலையை உதறிக்கொண்டிருந்தார். எத்தனை என்று கேட்டேன்.

“ரெண்டு நைனா” என்றார்.

மறுபடி திரும்பிப் பார்க்காமல் இரண்டு என்று எழுதினேன்.