காடி ஜாடியில் மஞ்சள் சீட்டு

சாராய நெடி முழுவதும் போய், புளிப்பு நெடி மட்டும் நிற்கிற நாளை என் மூக்கு அந்தச் சின்ன வயதில் எப்படிக் கண்டுபிடித்தது? ஓசூரில் பனி இறங்கிவிட்ட இந்த வாரத்திலும், சமையலறை ஜாடியின் துணியை விலக்கி முகர்ந்துவிட்டு, விடை தெரியாமல் திரும்பக் கட்டிவைக்கிறேன்.

அது மாம்பழக் காடி, அதாவது மாம்பழ வினிகர். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட "லைன் வீடு" ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது அப்பா ஆண்டுதோறும் போடுவார். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் கனிந்த பெங்களூரா மாம்பழங்களைப் பிழிந்து, வெல்லம் கரைத்துப் பீங்கான் ஜாடியில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டிவிட்டால், அது முதலில் நுரைத்துச் சாராயமாகி, பிறகு மாதக்கணக்கில் மெல்லப் புளித்துக் காடியாகும். பனிக்காலம் வந்ததும் அதில் இஞ்சியும் மிளகும் துளசியும் தூதுவளையும் ஊறவைத்து, காலையில் ஒரு கரண்டி எடுத்து, வெந்நீரும் தேனும் கலந்து குடிப்போம். தொண்டை "கமறும்", ஆனால் உடம்பு கதகதவென்று ஆகிவிடும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த அப்பாவுக்கு அது காடி. பக்கத்து வீட்டுக் கௌரம்மா அக்காவின் கன்னடத்திலோ ஏறக்குறைய அதே ஒலியில் வண்டிக்கு ஒரு சொல் உண்டு. முதல் வருடம் அப்பா, "வீட்ல காடி போட்டிருக்கோம்" என்றபோது அவர், "காடியா? பைக்கா, காரா சார்?" என்று வாசலை எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து லைன் முழுக்க அதற்கு "சார் வண்டி" என்றே பெயர். பனி தொடங்கினால், "வண்டி எப்ப கெளம்புது?" என்று விசாரிப்பார்கள்.

அப்பா வேலை பார்த்தது உதிரிபாகத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். சந்தேகமான பாகத்தில் மஞ்சள் "ஹோல்டு" சீட்டும், சரியானதில் பச்சை "ஓகே" சீட்டும் கட்டுவது அவருடைய வேலை. வீட்டுக் காடிக்கும் அதே சட்டம்தான். மஞ்சள் சீட்டு தொங்குகிறவரை அம்மாகூட ஜாடியைத் தொடக் கூடாது.

ஒரு மார்கழி ஞாயிறு காலை அப்பா பச்சைச் சீட்டைக் கட்டிவிட்டார். லைன் வீட்டார் டம்ளர்களோடு வந்துவிட்டார்கள். கௌரம்மா அக்கா இருமுகிற தன் கைக்குழந்தைக்கும் ஒரு சொட்டு நாக்கில் தடவலாம் என்று தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் ஜாடியருகே போனவள், "இன்னும் வேணாம்பா, சாராயம் நாறுது" என்றேன். அப்பாவுக்கு அன்று கடுமையான ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னால் பச்சைச் சீட்டை அவிழ்த்து மஞ்சளைக் கட்டி, "இன்ஸ்பெக்டர் அம்மா ஹோல்டு பண்ணிட்டாங்க, எல்லாரும் போயிட்டு அப்புறம் வாங்க" என்றார்.

"லைனுக்கே சாராயம் ஊத்தப் பாத்தீங்களே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"வண்டிக்கு பிரேக் போட்டது இந்தச் சின்னதா? அப்பனை மிஞ்சிட்டாளே சார்!" என்று கௌரம்மா அக்கா காலி டம்ளரால் என் தலையில் செல்லமாகத் தட்டினார். அதன்பிறகு பச்சைச் சீட்டை அப்பா என் கையால்தான் கட்டவைத்தார். பள்ளியில் வாங்கிய எந்தப் பரிசும் எனக்கு அத்தனை கர்வத்தைத் தந்ததில்லை.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கும் கிடங்கு. அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரிவதில்லை. காடியின் பக்குவத்தைத் தொலைபேசியில் கேட்டால், "நீதானம்மா இன்ஸ்பெக்டர், எங்கிட்ட ஏன் கேக்குற?" என்று சிரிக்கிறார்.

என் மகளுக்கு ஐந்து வயது. பனி வந்தால் இருமுவாள். மருத்துவர் தந்த மருந்து ஒருபக்கம் இருக்க, நான் குடித்து வளர்ந்ததை அவளும் குடிக்க வேண்டும் என்று முதன்முறையாக நானே காடி போட்டிருக்கிறேன். காலையில் முகர்ந்தால் தயார் என்று தோன்றுகிறது, மாலையில் இல்லை என்று தோன்றுகிறது. கணவர் கேலி செய்தாலும் மஞ்சள் சீட்டை நான் அவிழ்க்கவில்லை. சந்தேகம் இருக்கும்வரை அவிழ்க்காதவரின் மகள் நான்.

வீட்டில் காடி போட்டுப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன்: சாராயம் அறவே போய்விட்டதை எதை வைத்து உறுதிசெய்கிறீர்கள்? ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா? எங்கள் வண்டி கிளம்பாமல் நிற்கிறது.