திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பால்வாடி

எங்கள் முடிச்சூர்ப் பக்கம் அரசாங்கப் பணத்தில் புதுப் பால்வாடி ஒன்றைக் கட்டி முடித்து, மாதக்கணக்கில் பூட்டியே வைத்திருந்தார்கள். ரிப்பன் வெட்ட வேண்டிய பெரிய மனிதருக்குத் தேதி ஒழியவில்லையாம். பிள்ளைகளோ கழிவறைகூட இல்லாத வாடகை அறையில் அடைந்து கிடந்தார்கள்.

ஒருநாள் மழையில் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. டீச்சர் பிள்ளைகளைப் புதுக் கட்டடத்தின் வாசலில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது என் மூன்று வயது மகள் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தாள்.

"அண்ணா, கதவத் தொறங்க. கொழந்தைக்கு அவசரம்," என்றேன் காவலாளியிடம்.

"விழா நடக்காம தொறந்தா என் வேல பூடும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், வர்ற தலைவரா இங்க உக்காந்து சத்துமாவு உருண்டை சாப்பிடப் போறாரு?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். காவலாளி என் மகளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"கக்கூஸ மட்டும் தொறக்கறேன். யாராண்டயும் சொல்லிடாதீங்க."

அவள் பின்னாலேயே மற்ற பிள்ளைகளும் வரிசை கட்டிவிட்டார்கள்.

அப்புறம் ஒருவழியாக மேளதாளத்தோடு விழா நடந்தது. கைதட்டச் சொன்னார்கள், எனக்குக் கை எழவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தைத் திறந்துவைத்தது மூத்திரம் முட்டிக்கொண்டு நின்ற என் மகள்தான்.