மாடு படுத்திருக்க, கால் மட்டும் நடந்தது

மாட்டு வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்லாது. கூட வருகிறவர்கள் அந்தக் குறையைத் தீர்த்து வைப்பார்கள். கால்நடை ஆஸ்பத்திரிகளில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுபதுகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது ஒரு மயிலைக் காளை.

கிள்ளினேன், கும்பிட்டார்

மேல்பட்டாம்பாக்கம் கலியபெருமாள் கரும்பு வண்டி ஓட்டுகிறவர். அவருடைய வலத்து மாடு மதகில் சறுக்கி விழுந்து முதுகில் அடிபட்டு, பின்னங்கால் இரண்டும் துவண்டுவிட்டன. கரும்பு வெட்டு நேரம். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார் பாவம்? மாடு எழுந்திருக்காவிட்டால் கறிக்கு வாங்கிக்கொள்ள ஒரு தரகர் குடையும் கையுமாகக் கூடவே வந்திருந்தார்.

பின்னங்கால் குளம்பிடுக்கில் இடுக்கியால் நறுக்கென்று கிள்ளினேன். கால் வெடுக்கென்று உள்ளே போனது. கலியபெருமாள் என்னைக் கும்பிட்டார். நானோ மாட்டின் முகத்தைப் பார்த்தேன். காலை இழுத்த மாடு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. இழுக்கச் சொன்னது முதுகுத்தண்டு. வலி தலைவரை போய்ச் சேரவே இல்லை. இதையெல்லாம் விளக்கிவிட்டு மருந்தெடுக்க உள்ளே போய்த் திரும்பினால், படுத்திருந்த மாட்டின் கழுத்தில் நுகத்தடி இருந்தது.

"அதான் கால் வேலை செய்யுதுல்ல சார்? மெதுவா ஓட்டிக்கினு போயிடுறேன்."

தவளை சாட்சி

நுகத்தடியைக் கழற்றி, மாட்டை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டோம். மறுநாள் சிதம்பரத்திலிருந்து கலியபெருமாளின் மச்சான் வந்தார். அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூட அட்டெண்டர். "தலையை எடுத்த தவளைகூட கிள்ளுனா காலை இழுக்கும் மாமா. டாக்டர் சொல்றது வாஸ்தவம்தான்" என்றார்.

ஆள் கிடைத்த தெம்பில் நானும் பொரிந்து தள்ளினேன். இடது வலது என்று கால் மாற்றும் தாளத்தை முதுகுத்தண்டு நரம்புகளே போட்டுக்கொள்ளும். ஆனால் கிளம்பு என்று சொல்லவும், விழாமல் பார்த்துக்கொள்ளவும் தலையின் தயவு வேண்டும் என்றேன். கலியபெருமாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"நான் என்னா தவளையையா வண்டியில பூட்டப் போறேன்?"

புளியமரத்து நடை

வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து, புளியங்கிளையில் கயிறு போட்டு, மாட்டைத் தூக்கி நிறுத்தினோம். முன்னால் லேசாகத் தள்ளினால் பின்னங்கால்கள் மாறி மாறி எட்டு வைத்தன. அழகான நடை. கயிற்றைத் தளர்த்தினால் மாடு பொத்தென்று உட்கார்ந்தது. தினமும் இதே கூத்து. கஞ்சி கொண்டுவந்த கலியபெருமாளின் சம்சாரம் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நடக்குது நடக்குதுன்றீங்க, எங்கியும் போவலியே சார்?"

காம்பவுண்டருக்குக் கிடைத்தது

கடைசியில் கலியபெருமாள் மனசு விட்டுப்போய், தரகரைக் காலையில் வரச் சொல்லிவிட்டார். எனக்கும் முகம் கொடுக்கத் தெம்பில்லை. காலையில் தரகர் வந்து நிற்க, எதற்கும் ஒரு தடவை பார்க்கலாம் என்று காம்பவுண்டர் ஆரோக்கியசாமியைக் கிள்ளச் சொன்னேன். கிள்ளினார். "ம்மா" என்று கத்திக்கொண்டே மாடு திரும்பி, கொம்பால் அவர் தொடையில் ஒன்று வைத்தது. மனிதர் தண்ணீர்த் தொட்டியோரம் போய் விழுந்தார்.

"பார்த்துடுச்சு! திரும்பிப் பார்த்துடுச்சு!" என்று நான் குதித்தேன். கலியபெருமாள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். தரகர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாடு பிற்பாடு மெல்ல மெல்ல எழுந்து, தன் காலிலேயே ஊர் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு ஆரோக்கியசாமியைத் தூக்கிவிடத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அவர் கிடந்தபடியே சொன்னார்:

"மாட்டுக்கு வலி தலை வரைக்கும் போயிடுச்சு சார். எனக்கும் போயிடுச்சு."

குணமாகிற நோயாளி முதல் காரியமாக வைத்தியக்காரனை முட்டும், அதற்கு அவன் வாயெல்லாம் பல்லாக நிற்பான் என்கிற பிழைப்பு, எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.