சம்பந்தியம்மாவின் நிறையும் களுகங்கைக் கல்யாணமும்

ஆற்றில் படகு பிடித்துக் கல்யாணம் நடத்தலாமா என்று இதுவரை மூன்று குடும்பத்தார் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். நடத்தலாம், தாராளமாக நடத்தலாம். அதைவிடச் சந்தோஷமான பயணம் என் வாழ்நாளில் நான் போனதில்லை. ஆனால் நான் செய்த மடத்தனத்தை நீங்களும் செய்துவிடாதீர்கள்.

நான் நிவித்திகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் டீமேக்கர். கொழுந்தை வாட்டுவதிலிருந்து தூளைப் பெட்டியில் அடைத்து நிறுப்பது வரை ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், எல்லாம் என் பொறுப்பு. என் அக்கா மீனாட்சி கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிறாள். அவள் மகள் தனத்துக்குக் களுத்துறை அரிசிக்கடை வீட்டுப் பிள்ளை சோமுவைப் பேசினோம். மூட்டை இறக்க வந்த இடத்தில் அவன் தனத்தைப் பார்த்ததும், அதற்குப் பிறகு தேவைக்கு மேல் அரிசி வந்து இறங்கியதும் கடைத்தெருவுக்கே தெரிந்த கதை. சிக்கல் பெரியவர்களிடம்தான். எங்கள் வழக்கப்படி கல்யாணம் பெண் வீட்டில், அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில். இரு தரப்பும் இம்மியும் அசையவில்லை. தை பிறந்தும் நாள் குறிக்க முடியவில்லை.

“ரெண்டு வீட்லயும் முடியாதுன்னா நடு ஆத்துல வெச்சுக்கங்க!” என்று தனம் ஒரு நாள் கோபத்தில் கத்தினாள். அவள் கோபத்தில்தான் சொன்னாள். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. இரத்தினபுரியிலிருந்து களுத்துறை வரை ஒரே ஆறு, களுகங்கை. நம் ஊர் ஆறு அவர்கள் ஊரில் போய்க் கடலில் விழுகிறது. இதைவிடப் பொதுவான இடம் ஏது? களுத்துறைக்கு எழுதினேன். சோமுவின் அம்மா பர்வதத்தம்மாள் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: தாலி கட்டும்போது படகு கரையில் கட்டியிருக்கக் கூடாது. கயிறு கட்டினால் அதுவும் கரைதானாம்!

தை கடைசியில் வெள்ளோட்டம் பார்க்கப் புறப்பட்டேன். நிவித்திகலையிலிருந்து இரத்தினபுரி பன்னிரண்டு மைல், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ரயில் வந்து பத்துப் பதினைந்து வருஷமாகியும் சில சரக்குகள் இன்னும் ஆற்று வழியாகத்தான் போகின்றன. தட்டையான அடி, கிடுகுக் கூரை, இரண்டு பக்கமும் மூங்கில் ஊன்றித் தள்ளும் ஆட்கள். அந்தப் படகைச் சிங்களத்தில் பாருவ என்பார்கள். படகுக்காரர் கரோலிஸ் ஐம்பது வயதுக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், ஐயா என்பதை மட்டும் மாத்தயா என்று சிங்களத்திலேயே சொல்வார். இரண்டு நாளைக்கு நாற்பது ரூபாய் என்றார். முப்பத்தாறுக்குப் படிந்தது.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மாணிக்கம் அரிப்பவர்கள் கூடையைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மாலை ஐந்துக்கு வழிப்போக்கர் தங்கும் கரையோர அம்பலம் ஒன்றில் தங்கி, மறுநாள் எட்டு மணிக்கு எல்லகாவைத் துறையைத் தொட்டோம். அதுவரை ஆறு சாது. அதற்குக் கீழே ஓரிடத்தில் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிறது. அதைத் தாண்டினால் அரை மைலுக்குத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. தாலி கட்ட இதுதான் இடம் என்று நான் துள்ளிக் குதித்தேன். படகு ஆடியது.

“பாத்தீங்களா மாத்தயா?” என்றார் கரோலிஸ். “தேயிலைப் பெட்டி எழும்பி நின்னு எட்டிப் பாக்காது. மனுசன் பாப்பான். தாலி கட்டுற நேரம் எல்லாரும் ஒரு பக்கம் சாஞ்சா நான் என்ன செய்யிறது? பாரம் ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும். ஓமத் தீ நான் சோறாக்குற மண் பெட்டியில மட்டும்.”

பாரமா? அது என் தொழில் அல்லவா! தோட்டத்துக்குத் திரும்பியதும் எங்கள் பக்கத்து இருபத்தொரு பேரையும் ஸ்டோருக்கு வரவழைத்து, பெட்டி நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக ஏற்றினேன். “ஏன்டா, எனக்கு லேபிள் ஒட்டி லண்டனுக்கு அனுப்பப் போறியா?” என்றாள் அக்கா. அவள் நூற்று எழுபத்தொரு பவுண்டு. நான் இருநூற்று நான்கு. அந்த உற்சாகத்திலேயே களுத்துறைக்கு ஒரு கடிதம் போட்டேன்: தங்கள் பக்கத்தவர்களின் நிறையைப் பவுண்டில் எழுதி அனுப்பவும், முக்கியமாகச் சம்பந்தியம்மாவுடையது.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. “நாங்கள் பெண் கேட்டு வந்தோம். கொழுந்து நிறுக்க வரவில்லை. பேச்சு இத்துடன் நிற்கட்டும்.”

தனம் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. கடிதத்தை மடித்து என் கையில் திணித்தாள். “மாமா, எனக்கு அவுங்கதான் வேணும். நீங்க கெடுத்தீங்க, நீங்களே போய்ச் சரி பண்ணுங்க” என்றாள். 

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். இரத்தினபுரியிலிருந்து பாணந்துறைக்கு பஸ், அங்கிருந்து களுத்துறைக்கு ரயில். அரிசிக்கடை வீட்டு வாசலில் பர்வதத்தம்மாள் நின்றார். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்.

“நீங்கதான் டீமேக்கரா? என்னைய என்னன்னு நெனச்சீங்க?”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு மறந்தே போனது. “நான் இருநூத்தி நாலு பவுண்டுங்கம்மா,” என்றேன். “எங்க பக்கத்துல நான்தாங்க கூட.” சட்டைப்பையிலிருந்த பட்டியலை நீட்டினேன். எங்கள் வீட்டு இருபத்தொரு பேரும் அதில் இருந்தார்கள்.

அவர் நின்றபடியே மேலிருந்து கீழே வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. “உங்க அக்கா நூத்தி எழுபத்தொண்ணா? பாத்தா அப்படித் தெரியலயே.” அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். “நாளக் குறிங்க தம்பி. ஆனா என் நிறை எவ்வளவுன்னு நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

மாசி வளர்பிறையில் நாள் குறித்தோம். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தேகால். முதல் நாளே நாங்கள் இரத்தினபுரியில் ஏறினோம். கூரையெல்லாம் மாவிலை, அதன் கீழே நடுவில் மணவறை, நுனியில் இரண்டு வாழைமரம், ஒரு நாயனம், ஒரு தவில். கரையில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடவே ஓடிவந்து கத்தினார்கள். அக்கா எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டே வந்தாள். மறுநாள் எட்டேகாலுக்கு எல்லகாவைத் துறையில் மாப்பிள்ளை வீட்டார் பதினேழு பேர் காத்திருந்தார்கள். கரையிலேயே தாய்மாமன் முறைக்குத் தனத்தின் நெற்றியில் பட்டம் கட்டினேன். 

பிறகுதான் வினை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மணவறையைச் சுற்றி நடுவில் நிற்க, மீதிப்பேர் இடப்பக்கம், அவர்கள் ஆட்கள் மொத்தமாக வலப்பக்கம். பர்வதத்தம்மாளும் உட்கார்ந்ததும் படகு வலப்பக்கம் சரிந்தது.

“இப்படி நான் பாறைக்கிட்டப் போக மாட்டேன்,” என்று கரோலிஸ் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டார். “அஞ்சாறு பேர் அந்தப் பக்கம் போங்க.”

ஒருவரும் எழவில்லை. “நாங்க எங்க ஆளுங்களோடதான் இருப்போம்,” என்றார் சோமுவின் சித்தப்பா. மணி எட்டே முக்கால். ஐயர் என்னைப் பார்த்தார். மணவறையிலிருந்து தனமும் என்னைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்க்காமல் தாலி கட்ட முடியாது. நேரம் தவறினால் மறுபடி யார் வீடு என்ற பேச்சுத்தான் வரும்.

அப்போது பர்வதத்தம்மாள் எழுந்தார். சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேரே நடந்துபோய் என் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். “கொஞ்சம் தள்ளுங்க அண்ணி,” என்றார். படகு இப்போது இடப்பக்கம் சரிந்தது! முதலில் சிரித்தவள் அக்காதான். அப்புறம் படகே சிரித்தது. கரோலிஸ் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மாற்றி மாற்றி உட்கார வைத்தார். சித்தப்பாவின் இரு பக்கமும் எங்கள் ஆட்கள். சம்பந்திகள் இருவரும் நட்ட நடுவில், மணவறைக்கு நேரே. யார் எந்த வீடு என்று எனக்கே குழம்பிவிட்டது.

“இன்னும் முன்னுக்குக் கொஞ்சம் பாரம்,” என்றார் கரோலிஸ். “கடைசில ஒரு ஆள் வேணும். பெரிய ஆள்.”

முப்பத்தேழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருநூற்று நான்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான்தானே. கூரைக்கு வெளியே, அண்டா குண்டானுக்குப் பின்னால், படகின் கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தேன். மணவறை தெரியவில்லை. கிடுகு மறைத்தது.

பாறை இடுக்கை வழுக்கிக்கொண்டு கடந்தோம். அமைதியான தண்ணீர் வந்தது. ஒன்பதே முக்காலுக்குக் கெட்டிமேளம் முழங்கியது. என்னையறியாமல் பாதி எழுந்துவிட்டேன்.

“மாத்தயா, இருங்க, இருங்க!”

உட்கார்ந்தேன். பலகையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நின்றது. ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கூரைக்கு மேலாக வந்த அட்சதையில் கொஞ்சம் என் மடியில் விழுந்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். கரோலிஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாலை ஐந்தரைக்குக் களுத்துறை. பலகை வழியே பர்வதத்தம்மாளைக் கைபிடித்து இறக்கினேன். இறங்கியவர் போகாமல் நின்றார்.

“தாலி கட்டுறத நீங்க ஒருத்தர்தான் பாக்கல தம்பி. அதுக்கு இது,” என்று என் காதருகே குனிந்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்துபோனார்.

படகுக் கல்யாணம் நினைப்பவர்களுக்கு: மாசியில் வையுங்கள், வைகாசி வெள்ளத்தில் வேண்டாம். ஒரு தடவையாவது வெள்ளோட்டம் பாருங்கள். தீ மண் பெட்டியில் இருக்கட்டும். யாருடைய நிறையையும் கடிதத்தில் கேட்காதீர்கள். நேரில் போய் முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள். சம்பந்தியம்மா சொல்ல மறுத்தால் அவரை நடுவில் உட்கார வையுங்கள், படகு தானாகச் சரியாகும். அந்த எண் என்ன என்று அக்கா இன்றுவரை கேட்கிறாள். எனக்குக் கிடைத்த கல்யாணச் சீர் அது ஒன்றுதான், கொடுக்க மாட்டேன்.