மகள் தெரிஞ்செடுத்த வாத்தியம்

போன வருசம் தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை நடந்தது. நான் ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலை பஸ் ஓடுறனான். வீடு சுருவிலிலை. கதைக்கத் தொடங்கினால் பிரேக் பிடிக்கமாட்டன் எண்டு எங்கடை கொண்டக்டர் நக்கலடிக்கிறவர். அது உண்மைதான். ஆராவது ஆறுதலாக் கதைச்சால் எனக்குப் பொறுக்காது, பாதியிலை புகுந்து நானே சொல்லி முடிச்சுப்போடுவன். அந்தப் பழக்கம் எனக்குச் செய்த வேலையைத்தான் சொல்லப்போறன்.

மகளுக்கு அப்ப ஒன்பது வயது. பிறக்கேக்கையே இடக்கை பழுது. முழங்கை மடிஞ்சபடி வயித்துக்குக் குறுக்காலை நிக்கும். நீட்டவும் ஏலாது, மேலை தூக்கவும் ஏலாது. விரல் கொஞ்சம் அசையும். வலக்கையிலை ஒரு குறையும் இல்லை.

அவளின்ரை பள்ளிக்கூடத்திலை மாசி மாதம் விளையாட்டுப் போட்டி. விருந்தினர் வரேக்கை பிள்ளையளின்ரை பாண்ட் முன்னுக்கு வாசிச்சுக்கொண்டு நடந்து போகும். அதிலை தானும் நடக்கவேணும் எண்டு இவளுக்கு ஆசை. மூண்டு வருசமா வேலியோரம் நிண்டு பாத்தவள். அந்த முறை தானே போய் ரீச்சரைக் கேட்டிருக்கிறாள். "உமக்கு ஏலக்கூடிய ஒரு வாத்தியத்தோடை வாரும், பழக்கிவிடுறன்" எண்டு ரீச்சரும் சொல்லிப்போட்டா. அதை என்னட்டைச் சொல்லேக்கை பிள்ளை நிலத்திலை நிக்கேல்லை, அவ்வளவு புளுகம், சந்தோசம்.

நான் என்ன செய்தன்? அவளை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அடுத்தநாள் ரண்டு ஓட்டத்துக்கு இடையிலை ரவுணுக்குள்ளை ஒரு கடைக்கு ஓடிப்போய், ஒரு கையாலை வாசிக்கிற சாமான் எது எண்டு கேட்டு, கரண்டிலை வேலை செய்யிற பெரிய ஓர்கன் ஒண்டை வாங்கி, டிரைவர் சீற்றுக்குப் பின்னாலை கட்டிக்கொண்டு வந்தன். ஒரு பட்டனை அமத்தினால் மேளமும் குழலும் தானா வரும். மேசையிலை வைச்சு அமத்திக் காட்டினன். வீடு அதிருது. எனக்குப் பெருமை தாங்கேலாமல் கிடந்தது.

மகள் சொன்னாள்: "அப்பா, இது நான் இல்லாமலே வாசிக்குது. இதைக் கொண்டு நடக்கவும் ஏலாது."

அழேல்லை. உள்ளுக்குப் போயிட்டாள். என்ரை மனிசி குசினி வாசலிலை நிண்டு என்னை ஒரு பார்வை பாத்தா. அதுக்கு நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

சனிக்கிழமை லீவு போட்டு, மகளையும் ஓர்கனையும் ஏத்திக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனன். அண்டு கடையிலை முதலாளியின்ரை மகள் நிண்டவ. முப்பது வயது இருக்கும். "குஞ்சு, எது வாசிக்க விருப்பம்?" எண்டு மகளைக் கேட்டா. "நடந்து வாசிக்கிற சாமான் தங்கச்சி" எண்டு நான் சொன்னன். கை எவ்வளவு தூரம் போகும் எண்டு கேட்டா. வயலின், புல்லாங்குழல் ஒண்டும் சரிவராது எண்டன். விரல் அசையுமோ எண்டு கேட்டா. பெரிசா இல்லை எண்டன். மூண்டு கேள்வியும் பிள்ளையிட்டை, மூண்டு மறுமொழியும் என்னட்டையிருந்து.

அவ சிரிச்சுப்போட்டு, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ஒரு கால் மணித்தியாலம் வெளியிலை நிக்கிறியளே?" எண்டா.

எனக்கு முகம் சுண்டிப்போச்சு. பஸ் நிறைஞ்ச சனத்தை உள்ளுக்குப் போ, தள்ளி நில் எண்டு அதட்டிறவன், தெருவிலை போய் நிண்டன். கோவமெண்டால் கொஞ்சமில்லை. என்ரை பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாததை இவ என்னத்தைக் கண்டவ?

கண்ணாடிக்குள்ளாலை பாத்தன். ஒரு சின்ன மேளத்தை மகளின்ரை கழுத்திலை மாட்டினவை. அது மடிஞ்ச கையிலை இடிச்சு ஒரு பக்கம் சரிஞ்சுது. நான் கதவடிக்கு ஓடிட்டன். உள்ளுக்கு ரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கினம். திரும்பி வந்து பழைய இடத்திலை நிண்டன். பிறகு வேறை வேறை சாமான் எடுத்தவை, வைச்சவை. மகள் வாய் ஓயாமல் கதைக்கிறாள். வலக்கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளங்கப்படுத்திறாள். இவள் கதை குறைஞ்ச பிள்ளை எண்டுதான் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். நான் இருக்கிற வீட்டிலை பாவம் அவள் எங்கை கதைக்கிறது? அந்தத் தெருவிலை நிண்டுதான் எனக்கு அது விளங்கினது. வெக்கமாப் போச்சு.

கூப்பிட்டினம். உள்ளுக்குப் போனால், மகளின்ரை கையிலை மெலோடிக்கா. வாயாலை ஊதி, விரலாலை கட்டையளை அமத்திற வாத்தியம். பாண்டிலை எல்லாப் பிள்ளையளும் இடக்கையாலை தூக்கிப் பிடிச்சு வாசிக்கிறது. "ஐயோ, இதை வாய்க்கு நேரை தூக்க வேணுமே" எண்டு திரும்பவும் நான் துவங்கினன்.

"தூக்கத் தேவையில்லை அப்பா. ஊதிறதுக்கு நீளமா ரியூப் இருக்கு" எண்டாள். மெலோடிக்காவை மடிஞ்ச கையிலை படுக்க வைச்சு, மேளத்துப் பட்டி ஒண்டாலை சுத்தியிருந்தவை. ரியூப் வாயிலை, வலக்கை கட்டையிலை. அழுத்தி ஒரு ஊது ஊதிக் காட்டினாள். "மற்றப் பிள்ளையளுக்கு நேரம் போகப் போகக் கை சோரும். என்ரை கை இப்பிடியே நிக்கும்."

ஒன்பது வருசமா எண்ணெய் போட்டு உருவி, ஆசுபத்திரி ஆசுபத்திரியா அலைஞ்சு, அந்தக் கையை எப்பிடி நீட்டுறது எண்டு மட்டும்தான் நான் யோசிச்சனான். அவள் கொப்பி, கழுவின கோப்பை, கோழிக்குஞ்சு எல்லாத்தையும் அந்தக் கையிலைதான் ஏந்திக்கொண்டு வாறவள். ஒவ்வொரு நாளும் கண்டனான், ஆனால் பாக்கேல்லை.

ஓர்கனைத் திருப்பிக் குடுத்திட்டு மெலோடிக்காவை வாங்கிக்கொண்டு வந்தம். மனிசி பட்டியை அளவாத் தைச்சுக் குடுத்தா. ஒரு மாதம் வீட்டிலை காது குடுக்கேலாது. அதுவும் சந்தோசமாத்தான் இருந்தது.

போட்டியண்டு வெயில் கொளுத்தினது. பாண்ட் வந்தது. ரண்டாவது வரிசையிலை மகள். ஒரு இடத்திலை பிழைச்சது, கண்ணைச் சுருக்கிப்போட்டு அடுத்த அடியிலை பிடிச்சுக்கொண்டாள். மைதானத்தைச் சுத்தி வரேக்கை மற்றப் பிள்ளையளின்ரை மெலோடிக்கா எல்லாம் மெல்ல மெல்லக் கீழை இறங்கிட்டுது. இவளின்ரை மட்டும் வெளிக்கிடேக்கை இருந்த மாதிரியே நிண்டது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு, நான் துடைக்கவுமில்லை. பக்கத்திலை நிண்ட ஒருத்தர், "நல்ல யோசினை, நீரோ தெரிஞ்செடுத்தனீர்?" எண்டு கேட்டார். "நான் இல்லை, அவள்தான்" எண்டன்.

என்ரை பிள்ளைக்கு எவ்வளவோ செய்திருக்கிறன். அதுக்குள்ளை பெரிசு, அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு தெருவிலை நிண்டதுதான் எண்டு இண்டைக்கும் நினைக்கிறன்.