பொட்டலக்காரர் பார்த்த கடைசி வண்டி

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் முன்பக்கம் தகரக் கூரை போட்ட இடம். இரண்டு கார் நிற்கலாம், மூன்றாவது வந்தால் தெருவில்தான். இருந்தாலும் "பொட்டலக்காரர் வீடு எது?" என்று கேட்டால் முக்கில் பால் விற்கிறவர்கூடக் கை காட்டுவார்.

அந்தப் பெயர் அவருடைய பிடிவாதத்தால் வந்தது. எந்த வண்டியில் எந்தச் சாமானை மாற்றினாலும், கழற்றிய பழையதைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, சாவியோடு சேர்த்து வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார்.

"இந்தக் குப்பையை நான் எங்க கொண்டுபோய்ப் போடறது?" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

"குப்பைதானான்னு உங்க கண்ணால பாத்துட்டுப் போடுங்க. நான் சொன்னேன்னு நம்பாதீங்க" என்பார்.

முப்பத்திரண்டு வயதில் அவர் ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே முதலாளி பழைய சாமானுக்கு வெள்ளிப் பூச்சு அடித்துப் புதுசு என்று மாட்டி அனுப்புவார். பூச்சு அடிப்பது இவர் வேலை. கல்யாணமான புதிதில் அவர் நகக்கண்களில் வெள்ளி மினுங்குவதைப் பார்த்து, "என்னங்க, நீங்க நகப்பூச்சு போடற ஆளா?" என்று மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அந்த மாதமே தகரக் கூரை வந்தது. அதே கூரையின் ஓரத்தில் அவளும் தையல் மிஷினைப் போட்டுக் காருக்கு சீட் கவர் தைக்க ஆரம்பித்தாள். முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

தலை பானெட்டுக்குள் இருக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். "திறந்து பாக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் வியாதி பேரச் சொன்னான்னா, சாவியைப் பிடுங்கிட்டு ஓடி வந்துடுங்க. 'இதையும் சேத்து மாத்திடலாம் சார்'னு சொன்னா, 'எதுக்கு?'ன்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம். அவன் முழிக்கறதுலயே தெரிஞ்சுடும்." ஒன்றுமில்லாத வண்டியைக் கொண்டு வந்தவர்களிடம், "வண்டி நல்லா இருக்கு. காதைத்தான் காட்டணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்.

இரண்டு தெரு தள்ளி இருந்த பெரிய பட்டறைக்காரனுக்கு அவர் வைத்த பெயர் ஏசிக்காரன். வண்டியை விட்டவர்களைக் கண்ணாடி போட்ட குளிர் அறையில் உட்கார வைத்துவிட்டு, பின்பக்கம் வேலை நடக்கும். "சொந்தக்காரன் குளிர்ல, வண்டி வெயில்ல. ரெண்டையும் பிரிச்சு வச்சாத்தானே திருட முடியும்?" என்பார். தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது. ஏசிக்காரனுக்கும் தெரியும். எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அவருக்கு அறுபத்து மூன்று நடக்கும்போது, ஒரு காலை டிரைவிங் டீச்சர் வந்தாள். ஒற்றைக் காரை வைத்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பெண், பதினோரு வருஷத்து வாடிக்கை. அவர் குளித்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஸ்டூலை இழுத்து, மிஷினில் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, போன வாரம் அண்ணன் பிரேக் பேட் மாத்தினார்ல? அப்புறமும் கீச்சு கீச்சுனு கத்திட்டே இருக்கு."

"வரச் சொல்றேன் இரு, குளிச்சுட்டு வந்துடுவார்."

"அவர் வர்றதுக்குள்ள இதப் பாத்துடுங்க."

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நான்கு பேட். கம்பெனி ஒட்டிய காகிதம்கூடக் கிழியாத புதுப் பேட்.

"வண்டில இருக்கறது பழசுக்கா. கழட்டித் துடைச்சு அதையே திரும்ப மாட்டிட்டு, புதுசைப் பொட்டலம் கட்டி என் கையில குடுத்திருக்கார்."

மனைவி, சுற்றிக்கொண்டிருந்த மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இவருமா இப்படின்னு. பொட்டலத்தைப் பிரிச்ச பிறகுதான்... ஏமாத்தறவன் புதுசைக் குடுத்துட்டுப் பழசை மாட்டுவானாக்கா?"

"கை மாறியிருக்கும்மா."

"இருக்கும்." டீச்சர் எழுந்தாள். "அதுல பிரேக் மிதிக்கறது எல்லாம் கத்துக்குட்டிங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க பாத்துக்குங்க."

எதைப் பார்த்துக்கொள்வது என்று அவளும் கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. பாத்திர அலமாரியில் ஸ்பேனர் கிடந்ததும், குடித்து முடித்த டீயை மறுபடி கேட்டதும், இஞ்சினுக்குள் கையை விட்டபடி, வந்த காரியம் மறந்தவர் மாதிரி அவர் அப்படியே நிற்பதும் ஒரு வருஷமாக நடப்பதுதான். கெஞ்சிக் கூத்தாடி ஒரு முறை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். இவர் முள்ளோடு நிற்காமல் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களையும் வரைந்து கொடுத்தார். டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். "அவ்வளவு படிச்சிருக்கார், மணி பாக்கத் தெரியாம என்னைக் கேக்கறார்" என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்தார் இவர். அவளும் சிரித்தாள். சிரித்தது தப்பு என்று இப்போது பட்டது.

டீச்சர் வந்து போன அன்றிலிருந்து அவர் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவாள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டாக முறுக்கிப் பார்ப்பாள். ஆறு வாரத்தில் இரண்டு வண்டிகளில் நட்டு கையாலேயே சுழன்றது. வெளியே தெரிகிற நட்டை அவளால் முறுக்க முடியும், உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? புதிதாக வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, "அவருக்கு முதுகுப் பிடிப்பு, அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பினாள்.

"என்னம்மா, ஈ காக்காவைக் காணோம்? எல்லாருக்கும் ஏசி பழகிடுச்சு போல" என்றார் அவர்.

அப்படி இருக்கும்போதுதான் மகள் வந்தாள். அவள் புருஷனுக்கு மலையில் வேலை, மூன்று மணி நேர ஏற்றம். ஐந்து வயதுக் குழந்தையோடு தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலையில், தைத்த கவரைக் கொடுத்துவிட்டு வர அம்மா வெளியே போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"முன்சக்கரம் ரெண்டையும் பிரிச்சு பிரேக் பாத்துட்டேன். மலைல போற வண்டி. என் பொண்ணு வண்டிய நான் பாக்காம எவன் பாப்பான்?"

அவர் உள்ளே போனதும் அவள் நட்டுகளை முறுக்கிப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. அதுவும் அவளுக்குத் தைரியம் தரவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவரும் பேத்தியும் படுத்துத் தூங்கினார்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் அம்மா போய் நின்றாள்.

"இந்த வண்டிய எடுத்துட்டு அப்படியே மலை ஏறாத."

"ஏன்?"

"அப்பா கை வச்ச வண்டி."

மகள் சிரித்தாள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினாள். பேட் பொட்டலத்தையும் நட்டுகளையும் பற்றி அம்மா சொல்லி முடிக்கும்வரை கையில் இருந்த தட்டை வைக்கவில்லை.

"இத்தன நாளா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வண்டியக் கொண்டு வந்திருக்க மாட்ட. ஏன் கொண்டு வரலைன்னு அவர் கேட்டிருப்பார்."

"இப்ப யார்கிட்ட காட்டறது?"

"ஏசிக்காரன்கிட்ட."

"அவனா! அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"திருடன்தான். ஆனா போல்ட்டை முறுக்கிடுவான்."

இருவரும் வண்டியோடு போய் நின்றதும் ஏசிக்காரன் தானே எழுந்து வெளியே வந்தான். யாருடைய மகள் என்று அவனுக்குத் தெரியும். "உள்ள உக்காருங்கம்மா, ஏசி ஓடுது" என்றான். "இல்ல, நாங்க வண்டிகிட்டயே நிக்கறோம்" என்றாள் மகள். வண்டியை மேலே ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். டார்ச்சை அடித்துப் பார்த்தவன் ஒரு போல்ட்டை விரலால் திருகிப் பார்த்தான்.

"பிரேக்கைப் பிடிச்சிருக்கற போல்ட் ரெண்டு புரிதான் ஏறியிருக்கு. விரலாலயே கழண்டு வருது, பாருங்க. இதோட மலைல..." நிறுத்திக்கொண்டான். பிறகு பழக்கம் விடாமல், "பேரிங்கும் போயிருக்கு. அதையும் சேத்து மாத்திடலாம்" என்றான்.

"எதுக்கு?" என்றாள் மகள்.

"ஒரு மாதிரி சத்தம்..."

"வண்டிய நீங்க ஓட்டிப் பாக்கவே இல்ல. பேரிங் அப்பா போன வருஷம்தான் போட்டார். போல்ட்டை மட்டும் பாருங்க."

"அப்ப இருக்கட்டும்" என்றான், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது. "எறக்குடா வண்டிய!"

பேத்தி எழுந்து பிஸ்கட் கேட்டிருக்கிறாள். கடைக்குப் போகும் வழியில் மகள் வண்டி அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டார். குழந்தையின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"நான் காலைல பாத்த வண்டில நீ என்னடா பழுது கண்டுபிடிச்ச? பிரிச்சு வச்சாச்சா? எத்தன சாமானை உருவின?"

ஏசிக்காரன் வாயைத் திறந்தான். இருபது வருஷக் கேலிக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைக்காது. அம்மாவைப் பார்த்தான். அவள் தலையை மிக லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று.

"சக்கரத்தத் தவிர நான் எதையும் கழட்டலண்ணே. நீங்களே பாருங்க" என்று டார்ச்சை நீட்டினான்.

அவர் குனிந்தார். விரல் போல்ட்டைத் தொட்டதும் அது சுழன்றது. இன்னொரு முறை தொட்டார். நிமிர்ந்து டார்ச்சை அவனிடமே கொடுத்தார்.

"இத எவன் செஞ்சான்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? எவன்கிட்டம்மா விட்ட? உங்க ஊர்லயா?" மகளின் தோளைப் பிடித்தார். "கொழந்தைய வச்சு ஓட்டற வண்டிம்மா இது. திருடன்னாகூடப் பரவாயில்ல, காசோட போயிடும். இவன் ஆளையே கொன்னுடுவான். இனிமே இவன்கிட்ட போகாத. போக மாட்டேன்னு சொல்லு."

"போக மாட்டேன்பா" என்றாள் மகள்.

ஸ்பேனர் கேட்டார். ஏசிக்காரனே கொண்டு வந்து கொடுத்தான். வேலையாள் ஒருவனைக்கூட விடாமல் தானே டார்ச் பிடித்தான். இரண்டு பக்கமும் போல்ட்டை முறுக்கிவிட்டு அவர் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார். குழந்தையை அழைத்துக்கொண்டு நாலடி நடந்தவர், எதற்கோ திரும்பினார். அவர் முறுக்கிய அதே போல்ட்டில் ஏசிக்காரன் தன் ஸ்பேனரைப் போட்டு அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மெக்கானிக் முடித்த வேலையை இன்னொருவன் அப்படித் தொட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சண்டைக்குப் போகவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மகள் கிளம்பிப் போனாள். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிட்டதாக அவளிடமிருந்து போன் வந்தது. அதுவரை அவர் பட்டறையில் கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். காலி இடத்தில் மகள் வண்டியின் சக்கர மூடி ஒன்று, திரும்ப மாட்ட மறந்து, தரையிலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"காலைல அவ வண்டிய யாரு பாத்தா?"

வேறு யாரோ என்று சொல்லியிருக்கலாம். ஆறு வாரமாக அதுபோலத்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான்."

"ம்." மூடியைக் காலால் தன் பக்கம் இழுத்தார். "டீச்சரம்மா ஏன் வர்றதே இல்ல?"

அதையும் சொன்னாள். நட்டு முறுக்கியதையும் சொன்னாள்.

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"கை வலிக்கலியா?"

"வலிச்சுது."

அவர் அவள் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. "நாளைலேர்ந்து வர்றவங்ககிட்ட நீயே சொல்லி அனுப்பிடு. ஏசிக்காரன்கிட்டயே போகட்டும். மூணு பழுது சொல்வான், ரெண்டு பொய்யா இருக்கும், கேட்டுத் தெரிஞ்சுக்கச் சொல்லு." எழுந்தவர் நின்றார். "நான் இத மறந்துடுவேன்மா. மறந்துட்டுப் போய்ச் சாவிய வாங்கிடுவேன். நான் கத்தினாலும் குடுக்க விடாத."

காலையில் முதலில் வந்தவர் டாக்ஸிக்காரர். பட்டறை தொடங்கிய வருஷத்திலிருந்து வருகிறவர். வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் உள்ளேயிருந்து பொட்டலக்காரர் துணியில் கையைத் துடைத்தபடி வந்துவிட்டார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"வாங்க வாங்க, எத்தன நாளாச்சு! என்ன சத்தம்? குடுங்க சாவிய."

டாக்ஸிக்காரர் சாவியை நீட்டினார். அவள் மிஷினை விட்டு எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அவர்கிட்ட குடுக்காதீங்கண்ணே."

"ஏம்மா?" என்றார் டாக்ஸிக்காரர்.

அவரும் அதையேதான் கேட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அவள் ஒரு வாடிக்கைக்காரர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்ததில்லை. "ஏன்? என் வேலைல என்ன கொறை கண்ட நீ? சொல்லு, அவர் முன்னாடியே சொல்லு."

அவள் சொன்னாள்.